சாட்சி சொல்ல இருந்தவள்

எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வரும். ஆண்டவர் யாருக்கு என்ன நன்மை செய்தாரோ அவர் எழுந்து மைக்கைப் பிடித்துச் சொல்ல வேண்டும். வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது, காய்ச்சல் விட்டது, இப்படி. தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசுகிற எல்லோரும் ஒரே ஷீட் கூரைக்குக் கீழே அல்லேலூயா என்போம். அதில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுகம் கிடைத்தது என்று சாட்சி சொன்னவர் அதற்குப் பிறகு மாத்திரை போடக் கூடாது. பாஸ்டர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, அவர் மேல் பழி போட மாட்டேன். ஒருவரைப் பார்த்து ஒருவர் நாங்களாகவே பிடித்துக்கொண்டதுதான். மைக்கில் சுகம் என்று சொல்லிவிட்டு வீட்டில் மாத்திரை விழுங்கினால் ஆண்டவரையே சந்தேகப்பட்ட மாதிரி என்று நினைத்தோம்.

எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங் வேலை. வீட்டுக்காரர் இறந்து போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, பைபிளை எடுத்துக்கொண்டு வீடு சந்திப்புக்குக் கிளம்பிவிடுவேன். வியாதிக்காரர் வீடு, சாவு விழுந்த வீடு, புருஷன் குடிக்கிற வீடு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் ஜெபம் பண்ணுவேன். நாக்கு நீளம் என்று அம்மா வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். அதே நாக்கை ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமை வேறு. நாலு பேருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு என் ரூமுக்கு வந்து பூட்டைத் திறந்தால், "வந்துட்டியா" என்று கேட்க ஒரு நாதி இருக்காது. அதனால்தான் நாலு வீட்டை ஐந்து வீடாக்கிக்கொண்டு திரிந்தேன். ஊழியம் என்று பேர்.

எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள். வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்தவள், வீட்டில் தெலுங்கு பேசுவாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு. சபைக்கு வந்து ஒரு வருஷம்தான் இருக்கும். அவளுக்காக வாராவாரம் போய்த் தலையில் கை வைத்து ஜெபிப்பேன். அந்த வியாழக்கிழமை போனபோது இடுப்பில் பத்து மாதக் குழந்தை, அடுப்பில் பால் பொங்குகிறது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"அக்கா, ஞாயித்துக்கிழமை நான் சாட்சி சொல்லப் போறன். மாத்திரைய நிறுத்தி நாலு நாளாச்சு. ஒரு தபா கூட வரல. எல்லாம் உங்க ஜெபந்தான்."

ஓடிப் போய் அடுப்பை அணைத்தேன்.

"இப்பவே மாத்திரைய எடுத்துப் போடு. நாளைக்கு வீட்டுக்காரரக் கூட்டிகினு டாக்டரைப் போய்ப் பாரு."

"என்னாக்கா, நீங்களே இப்படி பேசறீங்க?"

"போடுன்னா போடுடி. கேள்வி கேக்காத."

"உங்க வீட்டுக்காரருக்கு சுகமாச்சுன்னு நீங்க சாட்சி சொன்னீங்களாமே. சபையில ஒரு சிஸ்டர் சொன்னாங்க. அப்புறம் அவரு போனது ஆண்டவர் குறிச்ச நேரமாம், வலி அன்னிக்கே போயிடுச்சாம். அதக் கேட்டுத்தான் எனக்கு தைரியமே வந்துச்சு."

அட ஆண்டவரே! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவரை எந்த மனிதரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன்.

என் வீட்டுக்காரருக்கு இருதயக் கோளாறு. மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தோம். நெஞ்சு வலி விட்டுப் போனது. அந்த ஞாயிறே எழுந்து சாட்சி சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அன்று சாயங்காலம் அவர் மாத்திரைக்குக் கை நீட்டினார். "அத்தனை பேர் முன்னால சொல்லிட்டு வந்திருக்கன், என் மானத்த வாங்காதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரி தாயே" என்று எடுத்த இடத்தில் வைத்துவிட்டார். நான் சொன்னால் அப்படித்தான், மறுபேச்சுப் பேச மாட்டார். ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில், கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. அதை விசுவாசம் என்று நான் சொல்லிக்கொள்ளக் கூடாது. அது என் வீறாப்பு.

அவள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அப்ப அண்ணன நீங்கதான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"ஆமா, நான்தான். நீ கையில புள்ளையோட அடுப்பு மேல விழுந்தீன்னா, அதுவும் நான்தான்."

"இத்தன நாளா இத மறைச்சுகினு என் தலையில கை வச்சீங்களா? எழுந்து போயிடுங்க."

"போறன். நீ மாத்திரையப் போடு, போயிடறன்."

டப்பாவைத் தேடி எடுத்து, என்னை முறைத்துக்கொண்டே விழுங்கினாள். நான் படி இறங்குவதற்குள் கதவைச் சாத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அவள் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன். முன்பு எந்த மைக்கில் சுகம் என்று சொன்னேனோ, அதே மைக்கில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மாத்திரையை நிறுத்தாதீர்கள், ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றும் சொன்னேன். ஒரு அல்லேலூயா கூட எழவில்லை. கூட்டம் முடிந்து பாஸ்டர் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "கொஞ்ச நாள் வீடு சந்திப்பு வேணாம் சிஸ்டர், ஓய்வெடுங்க" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார், எனக்குத் தெரியும். இருந்தாலும் என் சீட்டு கிழிந்துவிட்டது என்பதும் தெரிந்தது.

இப்போது ஷிப்ட் முடிந்தால் நேராக ரூம்தான். ஜெபத்துக்கு வாருங்கள் என்று யாரும் போன் பண்ணுவதில்லை. வேதம் வாசிக்கிறேன், வாய்விட்டு ஜெபிக்கிறேன், ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் மன்னித்துவிட்டார் என்று நம்புகிறேன். என் வீட்டுக்காரர் மன்னித்தாரா என்று யாரிடம் போய்க் கேட்பது?

போன வாரம் உழவர் சந்தையில் அவளைப் பார்த்தேன். குழந்தை நடக்கிறது, அவள் விரலைப் பிடித்துக்கொண்டு. மாத்திரையை விடாமல் போடுகிறாளாம், வலிப்பு வரவில்லையாம், அவள் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டில் சொல்லித் தெரியும். என்னைக் கண்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். தக்காளிக் கடை முன்னால் நின்றபடி ஸ்தோத்திரம் சொன்னேன். அவள் நன்றாக இருக்கிறாள், இது எனக்குப் போதும் ஆண்டவரே என்று சொல்லப் பார்த்தேன். போதவில்லை. ஒரே ஒரு தடவை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டால் தேவலை என்றுதான் இருந்தது.