கை அசைந்தால் ஓடும் வாட்ச்

டீசல் புகையும் உப்புக்காற்றும் சேர்ந்து முகத்தில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும் மட்டாஞ்சேரிப் படகில்தான் அந்த எண்ணம் எனக்கு முதன்முதலில் வந்தது. நான் அப்போது எட்டாம் வகுப்பு. பக்கத்தில் நின்றவர் கம்பியைப் பிடித்திருந்தார். அவர் மணிக்கட்டில், எண்களுக்குப் பதிலாகப் பொன்னிறக் கோடுகள் போட்ட கருநீல முகத்தோடு ஒரு வாட்ச். அதன் வினாடி முள் நான் பார்த்த மற்ற முட்களைப் போலக் குதித்துக் குதித்துப் போகவில்லை, எண்ணெயில் வழுக்குவதுபோல நழுவிக்கொண்டே போனது. நான் கண் கொட்டாமல் பார்ப்பதைக் கண்டவர் கையை என் காதருகே நீட்டினார். எஃகின் குளிர் காது மடலில் பட்டது. "கீ கொடுக்கண்ட, பேட்டரி வேண்ட. கை அனங்ஙியால் மதி மோளே," என்றார். சாவி முறுக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம், கை அசைந்தால் போதுமாம். வளைகுடாவில் வாங்கியது என்றார். விலை கேட்டதற்குச் சிரித்தார்.

படகு கரையில் முட்டுவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். இந்த ஊரில் என் அப்பாவின் கையைவிட அதிகமாக அசையும் கை எது?

அப்பாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வெளிச்சம் வருமுன் பஜார் ரோட்டில் ஆள் உயரத் துடைப்பத்தை இறக்கினால், கடைகள் திறந்து லாரிகள் வழியடைக்கும் வரை இரண்டு கைகளும் ஓயாது. சாக்கு நூல், மிளகுத் தூசி, உடைந்த சுக்கு என்று அந்தத் தெருவின் குப்பைக்கே ஒரு காரமான மணம் உண்டு, அப்பா வீட்டுக்குள் நுழையுமுன் அது நுழையும். எங்கள் காலனியில் பாதிப்பேர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்டவர்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். எனக்குத் தமிழ் எழுத்தே பிற்பாடுதான் வசப்பட்டது; அன்றைக்குக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் வாட்ச் முகங்களாக வரைந்து, கீழே மலையாளத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

பள்ளியில் உதவித்தொகை கிடைத்த நாளில் படகேறி எர்ணாகுளம் போனேன். படகு அணையும் ஜெட்டிக்கு வெளியே கண்ணாடி மூடிய பெட்டியைக் கழுத்தில் தொங்கவிட்டு ஒரு சேட்டன் நிற்பார். உலகத்தின் பெரிய வாட்சுகள் எல்லாம் அந்தப் பெட்டியில் உண்டு, ஆனால் ஒவ்வொன்றின் பெயரிலும் ஓர் எழுத்து கூடியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். கருநீல முகம், பொன்னிறக் கோடுகள், அடியில் "ஆட்டோமாட்டிக்" என்று பொடி எழுத்து. "இது டூப்ளிகேட் அல்லே சேட்டா?" என்று கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "அய்யோ மோளே, டூப்ளிகேட்டோ! இது ஒறிஜினலின்டெ அனியன்." அசலுக்குத் தம்பியாம். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தேன்.

அப்பா அதை இடது கையில் கட்டிக்கொண்ட மறுநாளிலிருந்து எங்கள் காலனிக்கு வேறு பேச்சில்லை. "நான் பெருக்கினாத்தான் இது ஓடும்" என்று எல்லாரிடமும் கையைத் தூக்கிக் காட்டுவார். கூட வேலை செய்த சுடலை மாமா தெருவில் பார்க்கும்போதெல்லாம், "என்ன முத்தண்ணே, இன்னைக்கு வாட்சுக்குத் தீனி போட்டாச்சா?" என்பார். "உன் கையில கட்டியிருந்தா பட்டினியில செத்துருக்கும்டா" என்பது அப்பாவின் பதில். ஞாயிற்றுக்கிழமை லீவில் வாட்ச் நின்றுவிடக் கூடாதே என்று, அம்மா கூட்டி முடித்த வாசலை அப்பா மறுபடியும் கூட்டுவார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்த வினாடி முள் வழுக்கவில்லை, குதித்தது. ஒருநாள் அப்பா குளிக்கப் போனபோது பேனாக்கத்தி முனையால் பின்மூடியை நெம்பினேன். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் இயந்திரம், அதன்மேல் வட்டப் பொட்டுப் போல ஒரு பேட்டரி. அவ்வளவுதான். மூடியை அழுத்தி, வைத்திருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன். சொல்லத் தோன்றவில்லை. ஒரு வருடம் போல ஓடிவிட்டு அது ஒருமுறை நின்றபோது, "கை சோம்பேறியாயிடுச்சு" என்று அப்பா இரண்டு நாள் கூடுதலாகப் பெருக்கினார். மூன்றாம் நாள் ரகசியமாகப் பேட்டரி மாற்றி வைத்தேன். "பாத்தியா, ஓடிடுச்சு" என்று என்னிடமே காட்டினார்.

பத்தாம் வகுப்பு தொடங்கிய மழைக்காலத்தில் அப்பா வேலையிடத்தில் துடைப்பத்தோடு சரிந்து விழுந்தார். சுடலை மாமாதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இடது பக்கம் முழுவதும் போய்விட்டிருந்தது. நான் பள்ளிச் சீருடையோடு போய் நின்றபோது படுக்கையில் கிடந்த அந்தக் கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போலிருந்தது; அதன்மேல் வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. அழவில்லை. நேரம் பார்த்தேன், பதினொன்றேகால்.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குமுன், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் சேச்சி ஒருவர் வந்து, மரத்த கையை எப்படித் தூக்க வேண்டும், எப்படி மடக்க வேண்டும் என்று காட்டினார். "இப்போ செய்தில்லெங்கில் பின்னெ கை கிட்டில்ல," என்று கண்டிப்பாகச் சொன்னார். இப்போது விட்டால் கை திரும்பாது. அம்மா தலையை ஆட்டினாள், அந்தத் தலையாட்டலில் நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. "கை உள்ளுக்குள்ள வேலை செய்யுது சேச்சி. இல்லேன்னா வாட்ச் எங்ஙன ஓடும்?" என்றாள். அந்தச் சேச்சிக்கு விளங்கவில்லை. மனம் கலங்கிப்போன பெண் என்று நினைத்திருக்க வேண்டும், அம்மாவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டிலும் அதேதான். நான் கையைத் தூக்கிப் பயிற்சி கொடுக்கப் போனால், அப்பா கோணிய வாயால், "ஓடுதில்ல... விடு" என்பார். அம்மா அடுக்களையிலிருந்து, "வலிக்கும் பாப்பா, அதுதான் தானா வருதுல்ல" என்பாள். இருவரும் அந்த வினாடி முள்ளை நம்பிக் கிடந்தார்கள். ஒரு வாரம் போனது, இரண்டு வாரம் போனது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் இரண்டு வருடப் பெருமையையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டுமே என்று வாய் வரவில்லை. ஒரு மத்தியானம் அப்பா உறங்கும்போது, மணிக்கட்டிலிருந்து வாட்சைக் கழற்றிப் பேட்டரியை எடுத்துவிட்டு, மறுபடி கட்டிவிட்டேன். பேட்டரியை ஜாமெட்ரி பெட்டியில் ரப்பருக்கு அடியில் வைத்தேன்.

எழுந்ததும் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அம்மா கண்டுவிட்டு, சாயா டம்ளரைத் தரையில் வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வலது கையால் இடது மணிக்கட்டைப் பற்றித் தூக்கினார், வாட்சுக்குத் தீனி போடுவதுபோல் அதைக் குலுக்கினார். வாட்சைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடியும் குலுக்கினார்.

அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் குலுக்கினார். பயிற்சி சொன்ன சேச்சி பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு மாதத்தில் தோள் தானாக அசைந்தது, அதற்குப் பின் முழங்கை கொஞ்சம் மடங்கியது. சுடலை மாமா வந்து, "தீனி ஏறுது முத்தண்ணே, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். நான் தினமும் ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து மூடினேன். இப்போது போட்டுவிட்டால் நிறுத்திவிடுவார், விரல் அசையட்டும், அப்புறம் போடலாம். விரல் அசையட்டும், விரல் அசையட்டும் என்றே நாள் தள்ளினேன். பெரிய கெட்டிக்காரி என்று என்னைப் பற்றி நினைப்பு.

ஒரு சாயங்காலம் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "கழட்டு. கனமாயிருக்கு" என்றார். அம்மா கழற்றித் தன் துணிப்பெட்டிக்குள் வைத்தாள். அடுத்த நாள் அவர் கையைக் குலுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. நான் போய்த் தூக்கினாலும் இழுத்துக்கொண்டார். விரல்கள் வரவே இல்லை. முழங்கை மடங்கிய அன்றைக்கே பேட்டரியைப் போட்டிருந்தால் வந்திருக்குமா என்று எவரிடமும் கேட்டதில்லை, கேட்க வேண்டுமானால் முதலில் மற்றதையெல்லாம் சொல்ல வேண்டும்.

பத்து வருடத்துக்கு மேலாகிறது. அம்மா மிளகுக் கிடங்கில் தரம் பிரித்துப் படிக்க வைத்தாள், எனக்கு எர்ணாகுளத்தில் வேலை. ஜெட்டிக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிச் சேட்டன் இல்லை. அந்த இடத்தில் ஒருவன் செல்போன் உறை விற்கிறான், படகில் யாரிடமாவது மணி கேட்டால் சட்டைப்பையைத்தான் தடவுகிறார்கள். என் அறையில் மட்டும் மலிவு வாட்சுகள் குவிந்து கிடக்கின்றன. அசலின் தம்பிகள், தம்பிகளின் தம்பிகள், எதைக் கண்டாலும் வாங்கிவிடுகிறேன். வாங்கிய அன்றே பின்மூடியைத் திறந்து பார்த்துவிடுவேன்.

போன மாதம் பழைய வாட்ச் கடை ஒன்றில் உண்மையான ஆட்டோமாட்டிக் இயந்திரம் கிடைத்தது. உள்ளே ஓர் அரைவட்டத் தகடு ஆடும், அது ஆட ஆடச் சுருள்வில் முறுக்கேறும். அம்மாவின் துணிப்பெட்டியிலிருந்து அப்பாவின் வாட்சை எடுத்துவந்து, இந்த இயந்திரத்தை அந்தக் கருநீல முகத்துக்குள் பொருத்தப் பெரும்பாடு பட்டேன். பழைய மூடி மூடவில்லை, வேறொரு வாட்சின் குழிந்த மூடியைத் தேய்த்துத் தேய்த்து இறக்கினேன். மேசைமேல் வைத்தால் நிற்கிறது. என் கையில் கட்டினால் முள் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

அப்பா இப்போது இடது காலை இழுத்து இழுத்து, சாயா குடிக்க மட்டாஞ்சேரி ஜெட்டி வரைக்கும் நடந்துபோய் வருகிறார். நடக்கும்போது இடது கை தோளிலிருந்து லேசாக ஆடுகிறது. அந்த ஆட்டம் தகட்டுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாமெட்ரி பெட்டியிலிருக்கும் அந்தப் பழைய பேட்டரியை முதலில் அவர் வலது உள்ளங்கையில் வைக்கப்போகிறேன். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகும் அவர் இடது கையை நீட்டச் சம்மதித்தால், இதைக் கட்டிவிட்டு, ஜெட்டி வரை கூடவே நடக்கப்போகிறேன்.