விசிலுக்குப் பிந்தைய ஐந்து நிமிடம்

ஓடும்போது எனக்கு ஒன்றும் ஆகாது. விசில் ஊதி எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் நெஞ்சு இறுகும், இருமல் வரும், மூச்சோடு கீச்கீச்சென்று சத்தமும் வரும். ராயபுரத்தில் பெண்கள் கால்பந்து அணியில் வலது ஓரத்தில் ஆடுகிறேன். அப்போது மாவட்ட அணித் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது.

கோச்சுக்கு அது நடிப்பாகத் தெரிந்தது. “ஓட சொல்லோ நல்லாதான கீற? உக்காந்தா மட்டும் இன்னா மூச்சு வாங்குது?” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே பதில் தெரியாது.

நின்றால்தானே வருகிறது, நிற்காமலே இருந்தால் என்ன? அதுதான் என் மேதாவித்தனம். இடைவேளையிலும் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் உதடு நீலம் பாரித்து அங்கேயே மடங்கி விழுந்தேன்.

துறைமுகத்தில் வேலை பார்க்கும் டாடி லீவு போட்டு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். உட்காரவைத்து ஸ்பைரோமெட்ரி (எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக ஊதுகிறோம் என்று அளக்கும் சோதனை) எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நோய் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்ட ஒரே நோயாளி நானாகத்தான் இருப்பேன்.

டாக்டரம்மா காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு, எப்போது வருகிறது என்று கேட்டார். சொன்னேன். மறுநாள் ஷூவோடு வரச் சொல்லி, ட்ரெட்மில்லில் ஓடவிட்டார். நிறுத்திய பின் சில நிமிடத்துக்கு ஒருமுறை ஊதினேன். ஊத ஊத அளவு இறங்கியது.

“நீ நடிக்கலம்மா. இது ஓடி நிறுத்தினப்புறம்தான் ஜாஸ்தியா வரும்” என்றார்.

உடற்பயிற்சியால் வரும் மூச்சுக்குழல் சுருக்கம் (வேகமாக மூச்சு வாங்கும்போது காற்றுக்குழாய்கள் உலர்ந்து இறுகுவது) என்பது அதன் பெயர். டாடி சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘நடிக்கல’ என்ற அந்த ஒரு வார்த்தைக்காக டாக்டரம்மாவுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்வேன்.

இப்போது ஆட்டத்துக்குக் கால் மணி நேரம் முன் இன்ஹேலர், பிறகு நிதானமாக உடம்பைச் சூடாக்குவது. காற்றில் புகை வாடை அடித்தால் அன்று ஓட்டம் இல்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால், என்ன வருகிறது என்பதோடு எப்போது வருகிறது என்றும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. அடுத்ததில் கிடைத்தது. கோச் மன்னிப்புக் கேட்கும் ஆள் இல்லை. ஆனால் என்னுடைய இன்னொரு இன்ஹேலர் அவர் பாக்கெட்டில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன், “மருந்து இஸ்துகினியா?” என்று கேட்காமல் என்னை ஆட்டத்தில் இறக்க மாட்டார்.

விசிலுக்குப் பிறகு நானும் புல்லில் உட்கார்கிறேன். பதினொரு பேரும் மூச்சு வாங்குகிறோம். அதில் என்னுடையது எது என்று யாருக்கும் தெரிவதில்லை.