எண்ணெய் பட்ட தூரக்கண்ணாடி

அன்றைக்கு அந்த மொட்டைமாடியில் இருந்தவர்கள் நாலே பேர். நான், என் வீட்டுக்காரி, அவள் அண்ணன், அப்புறம் செங்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதிய அண்ணாச்சி. குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் பங்களா அது. விளக்கேற்றுவதும் சாவிக்கொத்தைச் சுமப்பதும் என் வேலை. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

அண்ணாச்சி வந்தது தூரக்கண்ணாடி விஷயமாக. சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஒன்றரை முழப் பித்தளைக் குழல், அதை நிறுத்த மூன்று கால் தாங்கி, ஒரு மரப்பெட்டி. விலை நாற்பது ரூபாய். பத்து ரூபாய் கொடுத்து ஒரு மாதம் வைத்துப் பார்க்கலாம். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்துப் பத்தை வாங்கிக்கொள்ளலாம். கண்ணாடி கெட்டுப்போனால் மட்டும் மிச்சத்தை உடனே வைத்துவிட வேண்டும். இதுதான் பேச்சு. அன்றோடு மாதம் முடிந்தது.

எனக்கோ அதைப் பிரிய மனசில்லை. மிச்சம் முப்பதை மாதம் ரெண்டு ரூபாயாகத் தரலாமா என்று கேட்க வேண்டும். கேட்கிற வார்த்தையை நாலு நாளாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவரை நான் வானத்தை அண்ணாந்து பார்த்ததெல்லாம், மழை வந்து மாடியில் காயும் விரிப்புகள் நனைந்துவிடுமோ என்றுதான். மேலே பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு மாதம்தான். அதிலும் சாரல் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடுமோ என்று, பெட்டிக்குள் வறுத்த அரிசியை முடிந்து வைத்திருந்தேன்.

சாயங்காலம் சாரல் விட்டு வானம் வெளுத்தது. அருவிக்கரையில் ஆட்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற மச்சான் வேலை முடிந்து நேரே மாடிக்கு வந்தார். நான் கீழே காஸ்லைட்டுக்குக் காற்றடித்துவிட்டு வருவதற்குள், குழலைத் தாங்கியில் மாட்டி மூடியையும் கழற்றி வைத்திருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் அரைநிலாவுக்குத் திருப்பினேன். ஈர வேட்டிக்குப் பின்னால் வைத்த சிம்னி விளக்கு மாதிரி இருந்தது. முந்தாநாள் குழி குழியாக எண்ண முடிந்த நிலா. பக்கத்தில் நின்ற வியாழனுக்குத் திருப்பினால், அதை ஒட்டி வரிசையாக நிற்கும் நாலு வெளிச்சப் பொட்டுகளையும் காணோம். பூஞ்சணமேதான். முப்பது ரூபாய்க்கு எங்கே போவேன்?

படியில் அண்ணாச்சியின் செருப்புச் சத்தம்.

"வாங்க அண்ணாச்சி. இன்னைக்குப் பார்த்து மேகம் கொஞ்சம்..."

"மேகமா? எங்கன தம்பி இருக்கு?" அண்ணாந்து பார்த்துவிட்டுக் குழலில் கண்ணை வைத்தார். "இந்தப் புகையைப் பார்க்கவா துரை தினம் முழிச்சிக் கிடந்தாரு?"

அவர் ஒரு நாளும் அதில் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இருந்தும் மறைக்க வாய் வரவில்லை. "கண்ணாடி கெட்டுப்போச்சு அண்ணாச்சி," என்றேன்.

வீட்டுக்காரி குழலின் முன்பக்கம் குனிந்தாள். பார்க்க அல்ல, மோந்து பார்க்க. "அண்ணே, உன் கையைக் காட்டு."

மச்சான் காட்டினார். முழங்கை வரைக்கும் பளபளத்தது. "கண்ணாடியில ஒரு சொட்டு சாரல் விழுந்துச்சு, பெருவிரலால தொடச்சேன். அதுக்கென்ன இப்ப?"

"நிலாவுக்கே எண்ணெய் தேச்சு விட்டிருக்க. அப்படியே அருவிக்குக் கூட்டிட்டுப் போய்க் குளிப்பாட்டிட்டு வா."

"அரப்புப் பொடி இருக்கு மாப்பிளே. ஒரு தேய் தேச்சாப் போயிரும்," என்று அவர் மடியை அவிழ்த்தார். நான் குழலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

காஸ்லைட்டைச் சூடாக்கும் ஸ்பிரிட் கீழே இருந்தது. முதலாளி அளந்து வைப்பது. நாலு சொட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு நிமிஷம் தயங்கித்தான் எடுத்தேன். பழைய மல்துணியில் நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தேன். துணியை மாற்றி மாற்றி மூன்று தரம்.

அண்ணாச்சியையே முதலில் பார்க்கச் சொன்னேன். நிலாவிலிருந்து அவர் கண்ணை எடுக்க நான்தான் தோளைத் தொட வேண்டியிருந்தது. வியாழனுக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

"இங்கன ஒண்ணு. அங்கன மூணு," என்று விரலை மடக்கினார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது. "துரை பின்னால எத்தனை வருசம் இந்தப் பெட்டியை நான் சுமந்திருப்பேன் தெரியுமா?"

சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "மாசம் ரெண்டு ரூவா," என்று மட்டும் சொன்னேன்.

"குடு. ஆனா ரூவாயை வாங்க நானேதான் வருவேன். வந்தா இதைக் காட்டணும்."

"மேகமா இருந்தா?" என்றார் மச்சான்.

"இருந்து பார்த்துட்டுப் போவேன்."

"அப்ப சோறும் நம்ம தலையிலதான்," என்று வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே உலை வைக்க இறங்கினாள்.

நான் மடியில் முடிந்து வைத்திருந்த ரெண்டு ரூபாயை அவர் கையில் வைத்தேன். முன்பு கொடுத்த பத்தும் இந்த ரெண்டும் போக, இன்னும் தர வேண்டியது இருபத்தெட்டு ரூபாய்.