சீனி நுழையாத வீடு

இன்சுலின் மருந்துக்கு ஒரு வாடை உண்டு. புதிதாக உறை பிரித்த பிளாஸ்டரை மூக்கருகே வைத்தால் வருமே, ஏறக்குறைய அதேதான். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டு "ஐஸ் பெட்டி"யைத் திறந்தாலே, முதல்நாள் மீன் குழம்பையும் மீறி அந்த வாடை முகத்தில் அடிப்பதாக எனக்குத் தோன்றும்.

பாடாங் செராய்க்கு வெளியே செம்பனைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய பலகை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பாவுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் "ஜாகா" வேலை, அதாவது இரவுக் காவல். ஆறு வயதுத் தங்கை ஷாமினி ஒரு மாதமாகச் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, பாயை நனைத்து, வாடி வதங்கி, பாலர் பள்ளியில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் "இனிப்பு நீர்" என்றார்கள். இந்த வயதிலா என்று எல்லாரும் வாயில் கை வைத்தார்கள். அம்மாவுக்குத் தெரிந்த இனிப்பு நீர், என் பெரியப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வைத்த இனிப்பு நீர் ஒன்றுதான்.

தாதி மலாயில் பொறுமையாகத்தான் சொன்னார்: ஊசி மருந்து சில இரவுகளில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும், நாலுக்குக் கீழே போனால் ஆபத்து, பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டினால் உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள். கூடவே ஒரு குளுக்கோஸ் பொட்டலமும் கொடுத்தார். அம்மா தலையைத் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும், "சீனியால வந்த நோவுக்கு சீனியையே குடுக்கச் சொல்றா, பாருலா! வேர்த்தா கஞ்சி குடுத்தாப் போச்சு" என்றாள். அன்று மாலையே தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டாள், அடுத்த திருவிழா வரைக்கும் எங்கள் வீட்டுக்குள் சீனி நுழையாது என்று. குளுக்கோஸ் உட்பட எல்லாவற்றையும் பப்பாளி மரத்தடியில் கொட்டினாள். ஒரு வாரம் எறும்புகளுக்குக் கொண்டாட்டம். "யாராச்சும் திருட்டுத்தனமா வாயில வச்சீங்க, ஆத்தா சின்னவளத்தான் பிடிப்பா" என்று அப்பாவையும் என்னையும் பார்த்துச் சொன்னாள்.

இனிப்பில்லாத தேத்தண்ணி அப்பாவின் தொண்டையில் இறங்கவில்லை. மூன்றாம் நாளே மோட்டார் சைக்கிள் கொட்டகையில், பழைய ஹெல்மெட்டுக்குள் ஒரு "பால் டின்" வந்து ஒளிந்துகொண்டது. தேனாய் வழியும் கெட்டிப்பால். நான் பார்த்துவிட்டேன். "அம்மாகிட்ட மூச்சு விடாத கண்ணு" என்று ரொட்டியில் தடவி எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். அப்புறம் அவர் வேலைக்குப் போன நேரத்தில் நானே போய் விரலால் வழித்து நக்கியதும் உண்டு. வெட்கக்கேடுதான், ஆனால் என்ன ருசி!

இரவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. விரலைக் குத்திச் சீனி பார்க்கும் "ஊசி மெஷினில்" போடுகிற பட்டைகள் பகலுக்கே போதாததால், மூன்று மணிக்குக் கடிகாரம் அலறியதும், பக்கத்தில் படுத்திருக்கும் தங்கையின் பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த அறையிலிருந்து அம்மா "ஈரமா, காஞ்சிருக்கா?" என்பாள். "காஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போவேன்.

ஓர் இரவு பிடரி, தலைமுடி, தலையணை எல்லாம் தொப்பலாக நனைந்திருந்தன. கூப்பிட்டால் பதில் இல்லை. கண் பாதி திறந்து எங்கேயோ பார்த்தது, விரல்கள் மட்டும் துடித்தன. அம்மா ஓடி வந்து விளக்கைப் போட்டு விரலைக் குத்தினாள். மெஷினில் ஒன்று புள்ளி ஒன்பது. கஞ்சியை ஊட்டினால் கடைவாயில் வழிந்துவிட்டது. "ஐயோ, வீட்ல ஒரு மணி சீனி இல்லையே!" என்று கத்திக்கொண்டு பலகைச் சுவரைத் தட்டினாள்; பக்கத்து வீட்டுக்காரர்கள் செர்டாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், அதற்கப்பால் இருந்த வீடுகளில் அப்போதே ஆள் இல்லை.

எனக்கு டின் இருக்குமிடம் தெரியும். ஆனாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா மாட்டிக்கொள்வார் என்பதுகூடப் பரவாயில்லை. மாலையில்தான் நான் நக்கினேன், இரவில் ஆத்தா தங்கச்சியைப் பிடித்துவிட்டாள், அதே பாலை அவள் வாயில் வைத்தால் கொன்றே விடுவாளே என்ற பயம் என் காலைக் கட்டிப்போட்டது. அம்மா வாசலுக்கு ஓடினாள், பிள்ளையை விட்டுப் போக முடியாமல் திரும்பி வந்தாள், மறுபடியும் ஓடினாள். அதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு ஷாமினியின் தொண்டையிலிருந்து ஒரு கரகரப்புச் சத்தம் வந்தது. "கொட்டகையில பால் டின் இருக்கும்மா, நானும் தின்னேன்" என்று அலறிக்கொண்டே ஓடினேன்.

அம்மா அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்கன்னத்தில் துளித்துளியாகத் தடவினாள். வெகுநேரம் கழித்து நாக்கு அசைந்தது, பிறகு விழுங்கினாள், பிறகு கண்ணை நன்றாகத் திறந்து "இன்னும்" என்றாள். "ஆத்தா பிடிக்கலடி, நான்தான்டி எம்புள்ளைய கொல்லப் பாத்தேன்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

காலையில் வேலை முடிந்து வந்த அப்பாவின் முன்னால், டின் பால் ஊற்றிய தேத்தண்ணியை வைத்து, "குடிங்க" என்றாள். அப்பா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குடித்தார். டின் சாமி படத்துக்குப் பக்கத்தில், விபூதித் தட்டோடு உட்கார்ந்திருந்தது. அன்றே அம்மா கிளினிக்குக்குப் போய், தாதியை மூன்று முறை திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

இன்று அந்த லயம் இருந்த இடத்தில் செம்பனைக் கன்றுகள் நிற்கின்றன. அப்பாவும் போய்விட்டார். ஷாமினி கூலிமில் வேலை பார்க்கிறாள். புஜத்தில் ஒட்டிய காசளவு கருவி இரவெல்லாம் அவள் சீனியை அளந்து, இறங்கினால் அவள் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் மணியடிக்கிறது. பிடரியைத் தொட்டுப் பார்க்க இப்போது யாரும் வேண்டாம். தீபாவளிக்குக் கூடும்போதெல்லாம் அம்மா பேரப்பிள்ளைகளை உட்கார வைத்து அந்தக் கதையைச் சொல்கிறாள்: "ஒரு நிமிஷம் நிக்கல, பெரியவ பறந்து போயி எடுத்தாந்தா. அதனாலதான் சின்னவ இன்னிக்கு இருக்கா." ஷாமினி பின்னாலிருந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நான் நின்றேன் என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.