என் மகளின் இடது பாதம்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறேன். ஆண்டவர் என் வீட்டில் செய்ததைச் சபையார் எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன்.

கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் டெஸ்ட் டியூப் வைத்தியம் செய்தோம். போன வருஷம் ஜூலையில் என் மனைவி ரூபிக்குப் பெண் பிறந்தது. நர்சம்மா துணியை விலக்கிக் காட்டினார். இடது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது.

ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் டாக்டரிடம் போய்க் கேட்டேன்.

"டியூப்ல வச்சதாலயாங்க டாக்டர்?"

"சாதாரணமா உண்டாகற குழந்தைங்களுக்கும் இப்படி வருதுங்க. இந்த வைத்தியத்துல குறை கொஞ்சம் கூடுதலா வருதுன்னும் சொல்றாங்க. உங்க குழந்தைக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

"மாவுக்கட்டு போட்டுச் சரி பண்ணலாம். வாராவாரம் வரணும். விட்றக் கூடாது."

அவர் உறுதியாக ஒரு பதில் சொல்லவில்லை. எதையோ மறைக்கிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் அம்மா சொன்னார். "நம்ம வம்சத்துல இப்படி இல்ல கண்ணு. அங்க டியூப்ல எத்தன பேரோடது வச்சிருந்தாங்களோ. மாத்திப்போட்டாங்களோ என்னமோ."

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. குழந்தையின் மூக்கைப் பார்த்தேன். காதைப் பார்த்தேன். என் சாயல் தெரியவில்லை. ஹெப்சி என்று பேர் வைத்தோம். நான் தூக்கவில்லை.

"அந்த ஆளுங்க கைலயே மறுபடியும் குடுக்கறியா?" என்று, மாவுக்கட்டுக்குக் கிளம்பின ரூபியைத் தடுத்தேன்.

"உங்களுக்குச் சந்தேகமா இருக்கட்டுங்க. எனக்கு இது புள்ள" என்றாள். தனியாகவே பஸ் ஏறினாள்.

தறிச் சத்தத்தில் பேசினால் யாருக்கும் கேட்காது. அங்கே நின்று சத்தமாகவே ஜெபித்தேன். ஆண்டவரே, இது என் பிள்ளையா? எனக்குக் காட்டும். தினமும் இதே ஜெபம். பதில் இல்லை.

கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் குழந்தையைத் துடைத்து மட்டும் எடுப்பாள் ரூபி. அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பச்சைக் குழந்தையைக் காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து உருவி, சுடுதண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஒரு நாள் காலையில் ரூபி கடைக்குப் போன நேரம் அம்மா குளிப்பாட்டிவிட்டார். கட்டு ஊறிக் கழன்றது.

திரும்பி வந்த ரூபி கத்தினது கேட்டு, தறிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் ஓடிவந்தேன். "என்னங்கத்தை பண்ணிப்போட்டீங்க!"

"எனக்குத் தெரியாதா அம்மணி? இவன் காலையே உருவி உருவித்தான் நிமுத்துனேன்!"

சொன்னபிறகுதான் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குழந்தையில் வாய்க்கால் மேட்டில் விழுந்து கால் பிசகியது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். இன்றைக்கும் என் இடது செருப்பு வெளி ஓரம்தான் தேயும்.

"அப்ப நான் உழுகலயாம்மா?" என்றேன்.

"பொறக்கறப்பவே அப்படித்தான் சாமி. வெளிய சொன்னா உனக்குப் பொண்ணு யாரு குடுப்பாங்க? உழுந்துட்டான்னு சொல்லிப்போட்டோம்."

"குடுத்து எத்தன வருசமாச்சுங்கத்தை!" என்றாள் ரூபி. அழுகையிலேயே சிரித்தும்விட்டாள்.

நான் ஹெப்சியைத் தூக்கினேன். அதுதான் முதல் தடவை. அப்படியே பஸ் ஏறினோம்.

கட்டு கழன்றதற்கு டாக்டர் திட்டினார். என் காலையும் பார்த்தார். "இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். இப்பவும் அடிச்சுச் சொல்ல மாட்டேங்க" என்றார். இந்தத் தடவை அவர்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. தெரியாததைத் தெரியாது என்கிற மனுஷன் அவர்.

அதன்பிறகு ஒரு வாரமும் விடவில்லை. நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். பாதம் நேராகிவிட்டது. தூங்கும்போது மட்டும் கம்பி வைத்த ஷூ போடுகிறோம். போன மாதம் என் லுங்கியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அம்மா கைதட்டினார்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு குழந்தை இருந்தால் மூடி வைக்காதீர்கள். பொய் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். அவர் பதில் தருவார்.

நானும் காட்டும், காட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நர்சம்மா துணியை விலக்கின அன்றைக்கே அவர் காட்டிவிட்டார். எனக்குத்தான் தெரியவில்லை.