பத்தொன்பதாவது பை

மார்சலியை ஊரில் யாரும் அகராதிக்காரி என்று அழைத்ததில்லை. சொல்பொறுக்கி என்றார்கள். கோழி குப்பையைக் கிளறுகிற மாதிரி இவள் ஊர் வாயைக் கிளறுகிறாள் என்று சிரித்தார்கள். சிரிக்கும்போது அவர்கள் வாயிலிருந்து உதிர்ந்ததையும் அவள் எழுதி வைத்துக்கொண்டாள்.

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில், ஹாலவிக் கிராமத்தில், அவள் வீட்டுக்குள் நுழைகிறவர்கள் தலையைக் குனிந்தே ஆக வேண்டும். வாசல் தாழ்வு என்பது ஒரு காரணம். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கிய மாவுப் பைகள் இன்னொரு காரணம். எங்கள் கேலிக் மொழிக்குப் பதினெட்டு எழுத்து. எழுத்துக்கு ஒரு பை. தேயிலை சுற்றி வந்த தாள், பழைய கடித உறை, மீன் பீப்பாயில் ஒட்டிய சீட்டு என்று எது கிடைத்தாலும் அதன் பின்புறத்தில் ஒரு சொல், அதன் பொருள், எந்த நேரத்தில் யார் அதைச் சொல்வார்கள் என்ற குறிப்பு. கீழே அடுப்பில் நாள் முழுக்கச் சதுப்புமண் கட்டி புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகையில் சீட்டுகள் கருவாட்டு நிறத்துக்கு வந்துவிட்டன. பூச்சி மட்டும் அண்டவில்லை.

அவள் எழுதக் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை. கல்யாணத்துக்கு முன்பு கோடைதோறும் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கு ஹெரிங் மீன் அறுக்கப் போவாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கத்தி பிடிக்கிற வேலை. படகு வராத நாட்களில், கூட வேலை செய்த ஒருத்தி உப்புப் பீப்பாயின் மூடியில் கரித்துண்டால் எழுத்துப் போட்டுக் காட்டினாள். அதனால்தானோ என்னவோ, மார்சலியின் எழுத்து கடைசிவரை கத்தியால் கீறின மாதிரியே இருந்தது.

கணவன் ஃபெரகர் கடலோடு போனான். பிள்ளை இல்லை. வயிற்றுப்பாட்டுக்குப் போதகர் வீட்டில் துணி துவைக்கப் போனாள். அங்கேதான் அலமாரியில் அச்சடித்த கேலிக் அகராதி ஒன்றைப் பார்த்தாள். தூசி தட்டுகிற சாக்கில் வாரக்கணக்கில் அதைப் புரட்டினாள். குத்தகைக்குச் சொல் இருந்தது, பிரபுவுக்கு இருந்தது, பணிவுக்கு ஏழெட்டு இருந்தது. அவள் தேடியது இல்லை. இதில் எங்கம்மா எங்கேயுமே இல்லையே என்று புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டாளாம். அன்றைக்குத் தைத்ததுதான் முதல் பை.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. மார்சலி ஏழு வயதுச் சிறுமியாக இருந்தபோது, ஆடு மேய்க்க நிலம் வேண்டும் என்று பிரபுவின் காரியக்காரர் அவர்களுடைய ஊரையே காலி செய்ய வந்தார். கூரையைப் பிய்த்தார்கள். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். உத்தரக் கட்டைகளைக் கொளுத்தினார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று கோழிகளையும் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்துப் போதகர் கூடவே நின்று, இது கடவுள் சித்தம், யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்றார். ஆண்கள் திறக்கவில்லை. பெண்கள் திறந்தார்கள். தலைமுடியை அவிழ்த்துவிட்டு, வெறும் முழங்காலை மண்ணில் ஊன்றி, ஒருத்தி பின் ஒருத்தியாகச் சபித்தார்கள். அது தெருச்சண்டையில் வாய்க்கு வந்தபடி ஏசுவது போல் அல்ல. அதற்கென்றே சொற்கள் உண்டு, வேறு எதற்கும் அவற்றை எடுக்கக் கூடாது. காரணமில்லாமல் சொன்னால் சொன்னவள் தலையிலேயே விடியும்.

பத்தொன்பதாவது பை அந்தச் சொற்களுக்கு. அவற்றை எழுத்துவாரியாகப் பிரித்துப் போட அவளுக்கு மனம் வரவில்லை. சேர்ந்து நின்று சொன்னவை சேர்ந்தே கிடக்கட்டும் என்று விட்டாள். அம்மாவோடு முழங்காலிட்டவர்களில் உயிரோடிருந்த கிழவிகளைத் தேடித் தேடிப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்கள். ஓய்ரிக் கிழவி மட்டும் மறுத்தாள். சும்மா தாளில் எழுதச் சொன்னால் அது காரணமில்லாமல் சொன்னதாக ஆகிவிடாதா என்று அவளுக்குப் பயம்.

"காரணம் இன்னும் அங்கதானே பெரியம்மா ஆடு மேய்ச்சுட்டிருக்கு," என்றாள் மார்சலி.

ஓய்ரிக் சொன்னாள். விடிந்தபோது தொடங்கியவள் விளக்கேற்றும்வரை சொன்னாள்.

பைகளின் செய்தி எடின்பரோ வரை போயிற்று. அங்கே ஒரு பேராசிரியர், அச்சடிக்க ஆள் கிடைத்துவிட்டது, திருச்சபையின் வருடக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் போதகரே கொண்டுவந்து தரட்டும் என்று எழுதினார். இப்போதைய போதகர் மக்கஸ்கில். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். நோயாளி வீட்டுக்குக் கொட்டுகிற மழையிலும் நடந்தே போகிறவர். பதினெட்டுப் பையையும் உட்கார்ந்து படித்துக் கண்கலங்கினார். பத்தொன்பதாவதைப் பிரித்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இதைக் கொளுத்திரு மார்சலி," என்றார். "ஏற்கெனவே நம்மளைக் காட்டுமிராண்டிங்கிறாங்க. இதையும் படிச்சா, பாத்தியா, நாங்க சொன்னது சரிதானேன்னு சிரிப்பாங்க."

"வீட்டைக் கொளுத்தினது அவங்க. காட்டுமிராண்டி நாங்களா?"

"கர்த்தரோட பிள்ளை வாயில சாபம் வரலாமா?"

"பைபிள்ல, சங்கீதத்துல சாபம் வரலையா போதகரய்யா? அதைக் கிழிச்சுட்டு வாங்க, நானும் கிழிக்கிறேன்."

இந்த வாய்க்கொழுப்பைப் பற்றிச் சபை மூப்பர்கள் கூடிப் பேசினார்கள். அந்தப் பை எரியும்வரை மற்றப் பைகள் கப்பல் ஏறாது, அவளுக்குத் திருவிருந்து வில்லையும் கிடையாது என்று முடிவாயிற்று. வில்லை என்பது கட்டைவிரல் நகத்தளவு ஈயத் துண்டு. அதை மூப்பர் கையில் கொடுத்தால்தான் அப்பமும் திராட்சை ரசமும் பகிர்கிற திருவிருந்து மேசையில் உட்காரலாம். எங்கள் ஊரில் பாதிப் பேர் தங்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்று நினைத்து, அதைக் கேட்காமலே செத்துப்போவார்கள். ஃபெரகர் கடலோடு போன அந்த வருடம் மார்சலி நடுங்கிக்கொண்டே போய்க் கேட்டு வாங்கினாள். கடலடியில் கிடக்கிறவனுக்கும் தனக்கும் இடையில் மிச்சமிருக்கிற ஒரே கயிறு அந்த மேசை என்று அவள் நம்பினாள். அதைத்தான் இப்போது அறுத்தார்கள்.

அழுதாள். இரண்டு நாள் கோழிக்குத் தீனி போடக்கூட வெளியே வரவில்லை. பத்தொன்பதில் ஒன்றுதானே, கண்ணை மூடிக்கொண்டு அடுப்பில் போட்டுவிடேன் என்று பக்கத்து வீட்டுக்காரி புத்தி சொன்னாள். அம்மாவின் வீட்டில் உத்தரமும் ஒன்றுதான் இருந்தது என்று மார்சலி பதில் சொல்லிவிட்டு, பையின் வாயில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

திருவிருந்து வாரம் வந்தது. எங்களுக்கு அது வியாழன் தொடங்கித் திங்கள் வரை. சுற்றுவட்டார ஊர்களெல்லாம் வந்து குன்றுச் சரிவில் உட்காரும். வெள்ளிக்கிழமை கேள்வி நாள். உண்மையான விசுவாசியை எப்படி அடையாளம் காண்பது என்று ஒருவர் எழுந்து கேட்பார். பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுவார்கள். எல்லோரும் ஆண்கள். பெண்களுக்கு அன்றைக்குக் காது மட்டும்தான்.

மார்சலி மடியில் பையோடு வந்து உட்கார்ந்தாள். ஒருவழியாகப் பணிந்துவிட்டாள், எல்லார் முன்னாலும் ஒப்படைக்கத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று கூட்டம் நினைத்தது. போதகரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அன்றைக்கு அவர் குரலில் ஒரு கனிவு இருந்தது.

பேச வேண்டியவர்கள் பேசி முடித்தார்கள். கடைசிச் சங்கீதம் தொடங்கியது. எங்கள் ஊரில் யாரும் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவதில்லை. முன்னால் ஒருவர் நின்று ஒரு வரியை இழுத்து எடுத்துக் கொடுப்பார். கூட்டம் கண்ணை மூடிக்கொண்டு அதை வாங்கி மெல்ல மெல்லத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. தாய்மடியில் வந்த பழக்கம். தூக்கத்தில் எழுப்பி ஒரு வரி கொடுத்தாலும் எங்கள் ஆட்கள் திருப்பிப் பாடுவார்கள். வரி கொடுக்கிற டார்குல் வயதானவர். இரண்டாவது வரி அடங்கியதும் மூச்சு வாங்க நின்றார்.

அந்த இடைவெளியில் மார்சலி எழுந்து வரி கொடுத்தாள். அதே ராகம், அதே இழுப்பு.

"என் கூரையைப் பிரித்தவனே, உன் அடுப்பில் புல் முளைக்கட்டும்."

கண்மூடியிருந்த குன்று முழுவதும் அதை வாங்கித் திருப்பிப் பாடியது. பாடி முடிக்கிற நேரத்தில்தான் வாய் சொன்னது காதுக்கு எட்டியது. மூப்பர்கள் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். அவர்களும் பாடியிருந்தார்கள். போதகரும் பாடியிருந்தார்.

"உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு வாயும் மிஞ்சாமல் போகட்டும்."

இந்த முறை எல்லோர் கண்ணும் திறந்திருந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. மார்சலி உட்காரவில்லை. பிறகு கிழவிகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு உடைந்த குரல் அந்த வரியை எடுத்தது. ஓய்ரிக். எழ முடியாமல் உட்கார்ந்தபடியே பாடினாள். அவள் பக்கத்தில் இருந்தவள் சேர்ந்தாள். அவர்களுடைய மகள்கள் சேர்ந்தார்கள். மூன்றாவது வரிக்கு ஆண்கள் குரலும் கேட்டது. நாற்பது வருடம் கழித்து அவர்களும் ஒருவழியாக வாயைத் திறந்தார்கள்.

"போதும் மார்சலி," என்றார் போதகர். அவர் கத்தவில்லை.

இனி உயிரோடு இருக்கும்வரை ஈய வில்லை தன் கைக்கு வராது என்பது அவளுக்குத் தெரியும். கூட்டத்தின் நடுவே நடந்து போனாள். வழியில் இருந்தவர்கள் காலை மடக்கி இடம் விட்டார்கள். பையைக் கொண்டுபோய்ப் போதகர் கையிலேயே வைத்தாள்.

"இப்பக் கொளுத்துங்க," என்றாள்.