ஒரு சொட்டுகூட விழக் கூடாது

காரைக் கழுவுறது ஒரு வேலையே இல்லை, காய வைக்கிறதுதான் வேலை. வாட்டர் சர்வீஸ் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாங்க. கேட்காட்டியும் சொல்வாங்க.

நான் பொறந்தது கடலூர், வாக்கப்பட்டு வந்தது சிதம்பரம். புவனகிரி போற ரோட்டுல நானும் எங்க வீட்டுக்காரர் சேவியரும் சேர்ந்து வாட்டர் சர்வீஸ் நடத்துறோம். எங்க போர்வெல்ல வர்றது உப்புத் தண்ணி. கழுவின வண்டி வெயில்ல தானா காஞ்சா பானட் முழுக்க வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும். இதே தொழில்ல மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்கு நான் சொல்றது புரியும்.

பட்டுப்புடவையில ஒரு கோடு

முருகையன் அண்ணன் சிதம்பரத்துல டிராவல்ஸ் வச்சிருக்காரு. அவரு வண்டிங்கதான் எங்களுக்குச் சோறு போடுது. மத்தவங்க வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். அவரு வண்டி நின்னுச்சுன்னா நாங்க ஷட்டரை இறக்கிட்டு வேற பொழப்பைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு முகூர்த்த நாள் காலையில அவரோட வெள்ளைக் காரைக் கழுவி, துணியால பளபளன்னு துடைச்சு அனுப்பினோம். மேல எல்லாம் நல்லாத்தான் காஞ்சிருந்துச்சு. கதவு ரப்பருக்குள்ளயும் சைடு கண்ணாடிக் கூட்டுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கிற தண்ணியைத் துணி எப்படிங்க எடுக்கும்? மண்டபத்து வாசல்ல கதவைத் திறந்து கல்யாணப் பொண்ணு இறங்குச்சாம், பட்டுப்புடவையில சர்ருனு ஒரு கோடா தண்ணி இறங்கிடுச்சாம். சாயந்திரம் அண்ணன் எங்க செட்டுக்கு வந்து நின்னாரு. கத்தியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவரு மெதுவாத்தான் பேசினாரு. "ஸ்டெல்லா, இன்னொரு தடவ ஒரு சொட்டு விழுந்துச்சுன்னு வையி, என் வண்டி எல்லாம் புவனகிரியில இருக்கிற செட்டுக்குப் போயிடும்."

பஞ்சர் கடை காத்து

அன்னிக்கே சொல்லிட்டேன், காத்து ஊதிக் காய வைக்கிற ப்ளோயர் ஒண்ணு வாங்கிடணும்னு. எங்க வீட்டுக்காரர் கேட்டாத்தானே. "பக்கத்துல பஞ்சர் கடை இருக்கு, கம்ப்ரசர் இருக்கு, ஒரு ட்யூபை இழுத்துட்டா ஆச்சு. காத்துக்குப் போயி யாராவது மெஷின் வாங்குவாங்களா?"ன்னாரு.

ட்யூபை இழுத்தாரு. காத்தும் வந்துச்சு. கம்ப்ரசருக்குள்ள கிடந்த எண்ணெயும் கூடவே பொடிப்பொடியா வந்துச்சு. அதுவும் வேற வண்டியில இல்ல, பளிங்கு மாதிரி வச்சிருக்கிற ஒரு வாத்தியாரோட கறுப்புக் காரு மேல. அந்த மனுஷன் பானட்டை விரலால தொட்டாரு, மூக்குக்கிட்ட கொண்டுபோனாரு, என்னைத் திரும்பிப் பார்த்தாரு. "ஏம்மா, நான் வண்டியைக் கழுவத்தானே விட்டேன், தாளிக்கவா விட்டேன்?"

போன்ல பார்த்து வாங்கினது

அடுத்து போன்ல படம் பார்த்து ஒண்ணை வரவழைச்சாரு. கையில அடங்குற சைஸு, பார்க்க அழகா இருந்துச்சு. தோட்டத்துல சருகு ஊதுறதுக்கு உண்டானதுன்னு பெட்டியிலேயே படம் போட்டிருந்துச்சு, அதை அவரு பார்க்கலை. காத்து இழுக்கிற வாயில ஃபில்டர் கிடையாது. எங்க செட்டோ ரோட்டோரம். லாரி போற புழுதியை எல்லாம் பின்பக்கம் இழுத்து, முன்பக்கமா ஈர வண்டி மேல அடிச்சுச்சு. கழுவின காரை மறுபடி கழுவினோம், மறுபடி ஊதினாரு, மறுபடி புழுதி.

வடலூருக்குக் குடும்பத்தோட போறதுக்காக வண்டியை விட்டிருந்த ஒருத்தரு, வெளி பெஞ்சுல உக்காந்து இதை எல்லாம் பொறுமையாப் பார்த்துட்டே இருந்தாரு. கடைசியில எழுந்து வந்து சாவியைக் கேட்டாரு. "விடுங்க, எப்படியும் போற வழியில அழுக்காத்தானே ஆகப்போவுது."

விபூதி

இதுக்கு அப்புறம் எங்க வீட்டுக்காரருக்கு ரோஷம் வந்துடுச்சு. இருக்கிறதுலேயே பெரிய மோட்டாரா பார்த்து ஒண்ணைத் தூக்கிட்டு வந்துட்டாரு. சுவிட்சைப் போட்டா ரைஸ் மில்லு ஓடுற மாதிரி சத்தம். சும்மா சொல்லக் கூடாது, தண்ணி ஓடிப் போச்சு. கூடவே கண்ணாடியில ஒட்டியிருந்த ஸ்டிக்கரும் போச்சு, என் தலையில இருந்த பூவும் போச்சு. வேகத்தைக் குறைக்க அதுல வழியே இல்ல.

கோயிலுக்குப் போயிட்டு வந்த ஒரு துணிக்கடைக்காரரு வண்டியை விட்டாரு. கால்மிதி ஈரமா இருக்கேன்னு எங்க வீட்டுக்காரர் ஜன்னல் வழியா ட்யூபு நுனியில இருக்கிற நாசிலை உள்ள விட்டு ஒரு அழுத்து அழுத்தினாரு. டேஷ்போர்டு மேல பேப்பர்ல பிரிச்சு வச்சிருந்த விபூதி பறந்து, சீட்டு, ஸ்டியரிங்கு, கூரைன்னு ஒரு இடம் பாக்கி இல்லாம போயி உக்காந்துச்சு. எனக்கு மானமே போச்சு. துணிக்கடைக்காரரு நல்ல மனுஷன், கோபப்படலை. "சேவியரண்ணே, நெத்தியில பூசத்தான் வாங்கியாந்தேன். நீங்க சீட்டுக்கெல்லாம் பூசி விட்டுட்டீங்க."

நானே போனேன்

போதும்டா சாமின்னு நானே கிளம்பிட்டேன். கடலூர் எனக்கு அத்துப்படி, எந்தக் கடையில எது கிடைக்கும்னு கண்ணைக் கட்டி விட்டாலும் போவேன். கடையில இருந்த தம்பி மோட்டாரு இத்தனை பவரு, அத்தனை பவருன்னு ஆரம்பிச்சுச்சு. அதெல்லாம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுப்பான்னுட்டேன். எனக்கு வேண்டியது காத்து இழுக்கிற இடத்துல கழட்டிக் கழுவுற ஃபில்டர், கூட்டிக் குறைக்க ஒரு திருகு, காத்து வெதுவெதுன்னு வரணும், வண்டி மேல இடிச்சாலும் கீறாத ரப்பர் நாசில், சுத்தி வர்றதுக்கு நீளமான ட்யூபு. இது அத்தனையும் இருக்கிற மெஷின் கடை மூலையில கிடந்துச்சு.

வாய்ச்சொல்லை நம்பி வாங்குற ஆளு நான் இல்ல. மெஷினை வாசலுக்கு இழுத்துட்டு வரச் சொன்னேன். அங்க நின்ன ஒரு புதுக் காரோட சைடு கண்ணாடிக்குள்ள, கதவு இடுக்குல, நம்பர் பிளேட் பின்னாடின்னு என் தண்ணி பாட்டிலை முழுசா கவுத்துட்டு, "இப்ப ஊதுப்பா, பார்ப்போம்"னேன். பொறுமையா ஊதுச்சு. என் முந்தானையால இடுக்கு இடுக்கா ஒத்திப் பார்த்தேன், ஒரு ஈரம் இல்ல. இதையே போட்டுடுன்னேன். அந்தத் தம்பி முகம் மட்டும் வெளுத்துக் கிடந்துச்சு. "அக்கா, அது எங்க ஓனர் வண்டிக்கா."

அண்ணன் வீட்டுக் கல்யாணம்

மெஷின் வந்த கையோட முருகையன் அண்ணன் பொண்ணுக்கே கல்யாணம். பொண்ணு வர்ற காரு நம்மகிட்டதான் வந்துச்சு. இதுல சொட்டினா மொத்தமா முடிஞ்சுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். கூரையில ஆரம்பிச்சு கீழ்நோக்கி ஊதினேன். நாலு கதவையும் திறந்து ரப்பர் ஓரமா ஊதினேன், கதவைப் படார் படார்னு அடிச்சு, இறங்கி வந்த தண்ணியை மறுபடி ஊதினேன். அதுக்கு அப்புறம்தான் பூக்கட்டுறவரை வண்டிகிட்ட விட்டேன். மண்டபம் எங்க செட்டுலேர்ந்து கூப்பிடு தூரம்தான், புடவை மாத்திட்டு நானும் போயி வாசல்ல நின்னேன்.

காரு வந்துச்சு. கதவு திறந்துச்சு. பொண்ணு இறங்குச்சு. ஒரு சொட்டு இல்ல. மாதாவேன்னு நான் மூச்சு விடுறேன், ஆரத்தி சுத்திட்டு இருந்த பொண்ணோட அத்தை கையில காரு பூச்சரம் மாட்டி, தட்டு சரிஞ்சு, செவப்புத் தண்ணி அப்படியே புடவைக் கொசுவத்துல கொட்டிடுச்சு. பின்னாடி நின்னவங்களுக்கு ஒண்ணும் தெரியலை, "காருலேர்ந்து தண்ணி ஒழுகிடுச்சு"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க. அண்ணன் குனிஞ்சு தன்னோட பட்டு வேட்டி நுனியைக் கதவு அடியில ஒரு முனையிலேர்ந்து மறு முனை வரைக்கும் இழுத்தாரு. எல்லாருக்கும் தெரியிற மாதிரி விரிச்சுக் காட்டினாரு. "வண்டி காஞ்சு கிடக்கு. ஊத்தினது எங்க அக்கா."

கொசுவத்தை நல்ல தண்ணியில அலசி விட்டாங்க, கறை போச்சு. ஆனா அந்த ஈரத்தோட பொண்ணு எப்படி மணையில உக்காரும்? முகூர்த்தத்துக்கோ நேரம் நெருங்குது. அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டாரு. இத்தனை வருஷத்துல அவரு என்கிட்ட உதவின்னு ஒண்ணைக் கேட்டது அன்னிக்குத்தான். "ஸ்டெல்லா, உன் மெஷினு காரை மட்டும்தான் காய வைக்குமா?"

முகூர்த்தத்துக்குள்ள கொசுவம் காஞ்சுடுச்சு. அண்ணன் வண்டி ஒண்ணுகூட புவனகிரிப் பக்கம் போகலை, ஆனா முகூர்த்த நாள்னா எங்க செட்டு வாசல்ல காருங்களுக்கு முன்னாடி பட்டுப்புடவைங்க வரிசையில நிக்குதுன்னு சொன்னா, இந்தத் தொழில்ல இருக்கிற நீங்களாவது நம்பணும்.